பாலும் பாக்டீரியாவும் ஒரு பிரெஞ்சுக்காரரும்: ழாக் மோனோவின் வாழ்க்கை

சென்ற காலாண்டில் நம் சங்க அரங்கில் நடந்த மருத்துவ முகாமுக்கு வந்தவர்களுக்கு நினைவிருக்கலாம். பி பிளாக் பெரியவர் ஒருவர் டாக்டரிடம் ஒரு கேள்வி கேட்டார். சின்ன வயதில் சொம்பு சொம்பாகப் பால் குடித்தவராம். இப்போது அரை டம்ளர் குடித்தாலே வயிறு உப்பிக்கொள்கிறது, ஏன் என்று கேட்டார். பின்னால் வரிசையில் முப்பது பேர் நின்றிருந்தார்கள். வயது ஏற ஏற பாலைச் செரிக்கும் என்சைம் குறைந்துவிடும் என்று சொல்லி டாக்டர் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். பெரியவருக்குத் திருப்தி இல்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த எனக்கும் இல்லை. ஏன் குறைய வேண்டும்? உடம்புக்குள் இருந்துகொண்டு, இனிமேல் இது வேண்டாம், நிறுத்து என்று உத்தரவு போடுவது யார்?

நான் பி.காம். படித்தவன். வாழ்நாள் முழுவதும் வங்கியில் கிளார்க். உயிரியலை எஸ்.எஸ்.எல்.சி.யோடு கைவிட்டவன். ஆனாலும் கேள்வி விடவில்லை. நூலகத்துக்கும் இணையத்துக்குமாக அலைந்ததில் ஒரு மனிதரிடம் போய்ச் சேர்ந்தேன். பாலில் இருக்கும் சர்க்கரையைச் செரிக்கும் என்சைமை ஓர் உயிர் எப்போது தயாரிக்கத் தொடங்குகிறது, எப்போது நிறுத்துகிறது என்ற ஒரே கேள்விக்குப் பின்னால் இருபது வருடம் போனவர். அதற்காகவே நோபல் பரிசு வாங்கியவர். நடுவில் ஹிட்லரின் படைக்கு எதிராகத் தலைமறைவாகப் போராடியவர். ழாக் மோனோ என்பது பெயர். இறந்து ஐம்பது வருடம் ஆகிறது. இவரைப் பற்றி நம் இதழில் எழுதாமல் வேறு யாரைப் பற்றி எழுதுவது என்று தோன்றியது.

மோனோ 1910 பிப்ரவரி 9 அன்று பாரிஸில் பிறந்தார். அப்பா லூசியன் ஓவியர், டார்வினின் பெரிய ரசிகர். அம்மா அமெரிக்கர், மில்வாக்கி நகரத்துப் பெண். பையன் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் தெற்கே கடலோர ஊரான கேன்ஸுக்குக் குடிபோனது. இன்று திரைப்பட விழாவுக்காக நாம் கேள்விப்படும் அதே கேன்ஸ்தான். சிறு வயதில் வந்த போலியோ ஒரு காலைப் பலவீனமாக்கி விட்டுப்போனது. அந்தக் காலோடுதான் பிற்காலத்தில் பாறை ஏறினார், பாய்மரப் படகு ஓட்டினார். வீட்டில் இசைச் சூழல் இருந்தது. செல்லோ வாசிக்கக் கற்றுக்கொண்டார். வயலினின் பெரியண்ணன் மாதிரி, தரையில் ஊன்றி வாசிக்கும் வாத்தியம் அது.

1928-இல் உயிரியல் படிக்கப் பாரிஸ் வந்தார். 1931-இல் பட்டம் வாங்கினார். அதற்குப் பிறகு டாக்டர் பட்டம் வாங்கப் பத்து வருடம் ஆனது! பையன் ஒரு வழிக்கு வரவில்லையே என்று வீட்டில் கவலைப்பட்டிருப்பார்கள். விஞ்ஞானமா, சங்கீதமா என்பதுதான் குழப்பம். பாரிஸில் ஒரு சேர்ந்திசைக் குழுவை நடத்திக்கொண்டிருந்தார். 1934-இல் புர்குவா பா என்ற ஆய்வுக் கப்பலில் கிரீன்லாந்து போய் வந்தார். 1936-இலும் அதே கப்பலில் போவதாகத்தான் ஏற்பாடு. அப்போது போரிஸ் எஃப்ருஸி என்ற மூத்த விஞ்ஞானி குறுக்கிட்டு, உருப்பட வேண்டுமானால் மரபியல் படி என்று அமெரிக்காவுக்கு இழுத்துக்கொண்டு போனார். அந்த வருடம் செப்டம்பரில் ஐஸ்லாந்து அருகே புயலில் கப்பல் மூழ்கியது. தலைவர் ஷார்கோ உட்பட எல்லோரும் இறந்தார்கள். ஒரே ஒருவர் மட்டும் பிழைத்தார். மரபியல் இவர் உயிரைக் காப்பாற்றியது என்று எழுதினால் மிகைப்படுத்தல் இல்லை.

அமெரிக்காவில் போன இடம் கலிபோர்னியாவில் கால்டெக். பழ ஈக்களை வைத்து மரபணு ஆராய்ச்சிக்கு அடித்தளம் போட்ட தாமஸ் ஹன்ட் மார்கனின் கூடம். அங்கேயும் நம்மவர் ஈக்களைவிட இசைக்குழுவை நடத்துவதில்தான் அதிக நேரம் செலவிட்டார். அவர் நடத்திய விதத்தைப் பார்த்து அங்கேயே இசை நடத்துனராக வேலை தருகிறோம் என்றார்கள். யோசித்தார். கடைசியில் பாரிஸ் திரும்பிவிட்டார். 1938-இல் ஒடெத் ப்ரூல் என்ற பெண்ணை மணந்தார். அவர் தொல்லியல் அறிஞர், நேபாள, திபெத்தியக் கலைகளில் தேர்ந்தவர். யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர். இரட்டைப் பிள்ளைகள் பிறந்தார்கள். அந்த நேரம் பார்த்து 1940 ஜூனில் ஜெர்மன் படை பாரிஸுக்குள் நுழைந்தது.

இனி அந்த ஆராய்ச்சிக்கு வருவோம். மோனோ செய்தது வெளியில் பார்த்தால் மிகச் சாதாரண வேலை. குடுவையில் பாக்டீரியாக்களை வளர்ப்பது, சாப்பிடச் சர்க்கரை கொடுப்பது, எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று மணிக்கணக்கில் அளந்து வரைபடம் போடுவது. ஒரே ஒரு சர்க்கரை கொடுத்தால் கோடு அழகாக மேலே ஏறும், தீர்ந்ததும் நின்றுவிடும். இரண்டு விதச் சர்க்கரைகளைக் கலந்து கொடுத்துப் பார்த்தார். சில ஜோடிகளில் விசித்திரமாக ஒன்று நடந்தது. கோடு ஏறியது, பிறகு சிறிது நேரம் படுத்துவிட்டது, அதன்பின் மறுபடி ஏறியது. அதாவது பாக்டீரியா முதலில் குளுக்கோஸை மட்டும் சாப்பிட்டது. அது தீர்ந்ததும் திகைத்து நின்றது. கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது சர்க்கரையைச் சாப்பிட ஆரம்பித்தது.

என்னைப் போன்ற கணக்குப் பிள்ளையாக இருந்தால் நடுவில் படுத்துக்கிடக்கும் அந்தத் துண்டை ஏதோ அளவுப் பிழை என்று தள்ளிவிட்டிருப்பேன். மோனோ அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு 1940 டிசம்பரில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனார். (நம் குன்னூரில் வெறிநாய்க்கடி ஊசிக்குப் பேர்போன நிலையமும் இதே லூயி பாஸ்டரின் பெயரைத் தாங்கியதுதான்.) அங்கே ஆந்த்ரே லுவோஃப் என்பவரிடம் காட்டினார். அவர், பாக்டீரியா புதிய உணவுக்கு ஏற்ப ஒரு புது என்சைமைத் தயார்செய்து கொள்வதாக இருக்கலாம், பழைய ஆய்வுகளில் இதற்கு என்சைம் தகவமைப்பு என்று பெயர் உண்டு என்றார். அந்த நிமிடத்திலிருந்து மோனோவுக்கு வாழ்நாள் வேலை கிடைத்துவிட்டது. 1941-இல் இதைத்தான் ஆய்வேடாகச் சமர்ப்பித்தார். பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்தில் மேலிடத்தில் இருந்த ஒருவர், இந்த ஆள் செய்யும் வேலையில் எங்களுக்கு எந்தப் பயனும் இல்லை என்கிற ரீதியில் பேசினாராம்.

பகலில் பாக்டீரியா, இரவில் வேறு வேலை. மோனோ எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்திருந்தார். ஆயுதம் ஏந்திப் போராடிய பிரிவு கம்யூனிஸ்டுகளுடையது. அங்கே முடிவெடுக்கும் இடத்தில் இருக்க வேண்டுமானால் கட்சியில் சேர வேண்டும் என்பதால் சேர்ந்தார். ரகசியப் பெயர் மாலிவேர். சோர்போன் பல்கலைக்கழகத்தில் அவரது ஆய்வறைக்கு வெளியே ஓர் ஒட்டகச்சிவிங்கியின் எலும்புக்கூடு நிறுத்தப்பட்டிருந்தது. அதன் உள்ளீடற்ற கால் எலும்புகளுக்குள்தான் இயக்கத்தின் காகிதங்களை மறைத்து வைப்பார். ஜெர்மானிய ரகசியப் போலீஸ் ஒட்டகச்சிவிங்கியைச் சோதனை போட யோசிக்காது அல்லவா!

சிரிப்பாகச் சொன்னாலும் விளையாட்டு இல்லை அது. இயக்கத்தின் மேலிடத்தில் இருந்த விலங்கியல் பேராசிரியர் மார்செல் ப்ரெனான் 1944-இல் பிடிபட்டு ஜெர்மன் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். பிடிபட்டவரிடமிருந்து அடுத்தவர் பெயரைக் கறப்பது ஜெர்மானியர் வழக்கம். மோனோ வீட்டில் தூங்குவதை நிறுத்தினார், சோர்போன் பக்கம் போவதை நிறுத்தினார். யூத மனைவியும் பிள்ளைகளும் தனியாக மறைந்து வாழ்ந்தார்கள். இத்தனைக்கும் நடுவில் லுவோஃபின் கூடத்தில், பாஸ்டர் நிலையத்தின் மேல்மாடி மூலையில், குடுவைகளில் பாக்டீரியா வளர்ந்துகொண்டே இருந்தது. 1944 ஆகஸ்டில் பாரிஸ் விடுதலையானபோது இவர் உள்நாட்டுப் படையின் தலைமையகத்தில் நடவடிக்கைகளைத் திட்டமிடும் பொறுப்பில் இருந்தார். பிறகு சிறிது காலம் பிரெஞ்சு ராணுவத்தில். அங்கே அமெரிக்கப் படையின் நடமாடும் நூலகத்தில் ஒரு பழைய அறிவியல் இதழ் கையில் கிடைத்தது. பரம்பரைச் செய்தி இருப்பது டி.என்.ஏ.வில் என்று ஏவரி குழு காட்டிய ஆய்வைப் போர்க்களத்தில் உட்கார்ந்து படித்தார்.

போர் முடிந்ததும் கட்சியை விட்டு விலகினார். 1948-இல் சோவியத் நாட்டில் லைசென்கோ என்பவர் சொல்லுக்கு அரசாங்கம் கட்டுப்பட்டு, மரபணு அறிவியலையே தடைசெய்தது. அதைக் கண்டித்துக் கோம்பா நாளேட்டில் மோனோ கட்டுரை எழுதினார். பழைய தோழர்கள் பகைத்துக்கொண்டார்கள். ஆனால் எழுத்தாளர் ஆல்பெர் காம்யுவின் நட்பு அந்தக் காலத்தில்தான் உறுதியானது. இந்தப் பக்கம் இப்படி என்றால், 1950-களில் அமெரிக்கா முன்னாள் கம்யூனிஸ்ட் என்று சொல்லி அவருக்கு விசா தரத் தகராறு செய்தது. இரண்டு வீட்டிலும் சாப்பாடு இல்லாத விருந்தாளி.

இப்போது பாலுக்கு வருகிறேன். மோனோ தேர்ந்தெடுத்த பாக்டீரியா இ. கோலை. நம் எல்லோர் குடலிலும் இருப்பது. தேர்ந்தெடுத்த சர்க்கரை லாக்டோஸ், பாலில் இருப்பது. லாக்டோஸை வெட்டிச் செரிக்க ஒரு என்சைம் வேண்டும். லாக்டோஸ் இல்லாத இடத்தில் வளரும் பாக்டீரியாவுக்குள் அந்த என்சைம் ஏறக்குறைய இருக்காது. லாக்டோஸ் கொடுத்தால் சில நிமிடங்களில் தயாரிப்பு தொடங்கி ஆயிரம் மடங்கு வரை பெருகும். நிர்வாகக் கண்ணோட்டத்தில் எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. வேலை இல்லாத கவுன்ட்டருக்கு ஆள் போட்டுச் சம்பளம் கொடுப்பதில்லை, கூட்டம் வந்தால் உடனே ஆள்!

கேள்வி, கூட்டம் வந்தது எப்படித் தெரிகிறது என்பது. மோனோ பத்து வருடத்துக்கு மேல் ஒரு விளக்கத்தை நம்பிக்கொண்டிருந்தார். லாக்டோஸ் உள்ளே வந்து தயாரிப்பைத் தூண்டுகிறது, உந்துகிறது என்பது அவர் எண்ணம். இதில் ஒரு சிக்கல். சில பிறழ்ந்த பாக்டீரியாக்கள் லாக்டோஸ் இல்லாவிட்டாலும் இரவு பகலாக என்சைமைத் தயாரித்துக்கொண்டே இருந்தன. அவற்றுக்குள்ளேயே ஏதோ ஒரு தூண்டி ஊறுகிறது என்று மோனோ சமாதானம் சொன்னார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

இந்த இடத்தில் பிரான்சுவா ஜேக்கப் வருகிறார். அறுவைச் சிகிச்சை நிபுணராக ஆசைப்பட்டவர். போரில் 1944-இல் நார்மண்டியில் படுகாயம் அடைந்து, அந்தத் தொழில் முடியாமல் போய் விஞ்ஞானத்துக்கு வந்தவர். லுவோஃபின் கூடத்தில் தாழ்வாரத்தின் மறுகோடியில் அவர் அறை. வைரஸ்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் கையில் ஓர் அருமையான உத்தி இருந்தது. பாக்டீரியாக்கள் ஒன்றுக்கொன்று மரபணுக்களைக் கடத்தும். எந்த மரபணு எந்த நிமிடத்தில் உள்ளே நுழைகிறது என்றுகூட அளக்கலாம். 1957-இல் அமெரிக்காவிலிருந்து ஆர்தர் பார்டி வந்து சேர்ந்தார். மூவரும் சேர்ந்து செய்த சோதனை மூவர் பெயரின் முதல் எழுத்துகளையும் சேர்த்துப் பஜாமோ என்று செல்லமாக அழைக்கப்பட்டது. உடுத்தும் பைஜாமா இல்லை!

சோதனை இதுதான். என்சைம் செய்யத் தெரியாத, கட்டுப்பாடும் இல்லாத ஒரு பாக்டீரியாவுக்குள், என்சைம் செய்யும் நல்ல மரபணுவையும் கட்டுப்படுத்தும் நல்ல மரபணுவையும் சேர்த்து அனுப்பினார்கள். லாக்டோஸ் கொடுக்கவில்லை. மோனோ சொன்னது சரியாக இருந்தால், அந்தப் பாக்டீரியாவுக்குள் ஏற்கெனவே தூண்டி ஊறிக்கொண்டிருக்கிறது, ஆகவே தயாரிப்பு நிற்காமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். நடந்தது வேறு. மரபணு நுழைந்த சில நிமிடங்களில் தயாரிப்பு தொடங்கியது. ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் தானாக நின்றுபோனது. அதாவது உள்ளே போன கட்டுப்பாட்டு மரபணு மெதுவாக ஒரு தடுப்பானைச் செய்து முடித்து, அது போய்த் தயாரிப்பை நிறுத்திவிட்டது. லாக்டோஸ் எதையும் தூண்டவில்லை. அது தடுப்பானை விலக்குகிறது, அவ்வளவுதான்.

நம் கேட்டில் இருக்கும் செக்யூரிட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் இயல்பாகக் கேட்டை மூடிக்கொண்டு நிற்கிறார். விருந்தாளி வந்து அவரிடம் பேச்சுக் கொடுத்து ஓரமாக அழைத்துப் போனால் கேட் திறந்துகொள்கிறது. விருந்தாளிகள் எல்லோரும் போனதும் செக்யூரிட்டி பழையபடி வந்து நின்றுவிடுகிறார். கேட்டைத் திறக்கத் தனியாக யாரும் வேண்டியதில்லை. செக்யூரிட்டி வேலைக்கே வராத வீடு எப்போதும் திறந்தே கிடக்கும். இரவு பகலாக என்சைம் செய்த பிறழ்ந்த பாக்டீரியாவின் கதை அதுதான்.

பதினைந்து வருடமாக வளர்த்த கருத்தைத் தன் கூடத்திலேயே, தன் கையாலேயே செய்த சோதனை உடைத்துப் போட்டது. மோனோ சண்டை போட்டுப் பார்த்தார். லியோ சிலார்ட் என்ற இயற்பியலாளர் முன்பே இரட்டை எதிர்மறை என்று இதே திசையில் வாதாடியிருந்தார். கடைசியில் கணக்கு ஒத்துப்போகவில்லை என்றதும் மோனோ பழைய கருத்தைக் கைவிட்டார். என் அனுபவத்தில், பேரேட்டில் தவறு தன் பக்கம் என்று தெரிந்த பிறகும் ஒப்புக்கொள்ளாத ஆட்கள்தான் அதிகம்.

அடுத்த முடிச்சு ஜேக்கப் அவிழ்த்தது. 1958 ஜூலையில் மனைவியோடு பாரிஸில் சினிமா பார்த்துக்கொண்டிருந்தபோது, தான் ஆராயும் வைரஸும் மோனோ ஆராயும் சர்க்கரையும் ஒரே விதமாகத்தான் அடக்கப்படுகின்றன, இரண்டிலும் ஸ்விட்ச் டி.என்.ஏ.மேலேயே இருக்கிறது என்று பொறி தட்டியது. விடுமுறை முடிந்து திரும்பிய மோனோவிடம் சொன்னார். முதலில் மோனோ நம்பவில்லை. வாதம் வாரக்கணக்கில் நடந்தது, கரும்பலகை நிரம்பி நிரம்பி அழிந்தது. 1961-இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட நீண்ட கட்டுரை உயிரியலில் ஒரு திருப்புமுனை. மரபணுக்களில் பொருளைச் செய்பவை ஒரு வகை, பிற மரபணுக்களைக் கட்டுப்படுத்துபவை இன்னொரு வகை என்றும், மரபணுவின் செய்தியை எடுத்துப்போகும் தற்காலிகத் தூதுவன் ஒரு ஆர்.என்.ஏ. என்றும் அதில் சொன்னார்கள். கொரோனா ஊசி புண்ணியத்தால் எம்.ஆர்.என்.ஏ. என்ற பெயர் இப்போது நம் வீட்டு வேலைக்கு வருபவர்களுக்கும் தெரியும். அந்த மூலக்கூறை அடையாளம் கண்ட காலகட்டம் இதுதான்.

1965-இல் மோனோ, ஜேக்கப், லுவோஃப் மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பிரான்ஸ் 37 வருடம் கழித்து வாங்கிய மருத்துவ நோபல். மேல்மாடி மூலையில் மூவரும் ஒன்றாகச் சாப்பிட்டுச் சண்டை போட்ட அதே இடத்துக்கு.

இன்னொரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். 1956-இல் ஹங்கேரியில் எழுந்த புரட்சியைச் சோவியத் டாங்குகள் நசுக்கிய பிறகு, ஆக்னஸ் உல்மான் என்ற இளம் விஞ்ஞானி அங்கிருந்து வெளியேறத் துடித்துக்கொண்டிருந்தார். பாரிஸ் வந்தபோது மோனோவிடம் நிலைமையைச் சொன்னார். மோனோ தன் பழைய தலைமறைவு மூளையைத் தட்டி எழுப்பினார். திட்டங்கள் பல தோற்றன. 1960-இல் ஒரு சுற்றுலா வண்டியின் குளியல் தொட்டிக்கு அடியில் இருந்த மறைவிடத்தில் உல்மானையும் கணவரையும் படுக்க வைத்து எல்லையைக் கடத்திக்கொண்டு வந்தார்கள். அந்த உல்மானும் மோனோவும் 1968-இல் கண்டுபிடித்ததுதான், குளுக்கோஸ் இருக்கும்போது பாக்டீரியா ஏன் லாக்டோஸைத் தொடுவதில்லை என்பதற்கான முக்கியத் துப்பு. இளமையில் வரைபடத்தில் படுத்துக்கிடந்த அந்தக் கோட்டுக்கு விடை தேடி முப்பது வருடம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறார் மனிதர்.

ஆனால் மோனோவைத் தேவராக்க நான் விரும்பவில்லை. ஒருமுறை பிடிவாதத்தை விட்டவர், புதிய கருத்தைப் பிடித்த பிறகு அதே பிடிவாதத்தை அதற்குக் காட்டினார். எல்லா மரபணுவும் தடுப்பானால்தான் கட்டுப்படுகிறது என்று நினைக்கும் அளவுக்கு அவரும் அவர் வட்டமும் போனார்கள். அமெரிக்காவில் எல்லிஸ் எங்கல்ஸ்பெர்க் என்பவர் வேறொரு சர்க்கரையில், முடுக்கிவிடும் புரதமும் உண்டு என்று காட்டியபோது விஞ்ஞான உலகம் அதை ஏற்க வருடங்கள் ஆயின. பாரிஸின் செல்வாக்கு அப்படி. பார்க்கப்போனால் தடுப்பான், முடுக்கி இரண்டும் உண்டு. நம் உடம்பில் முடுக்கிகளுக்குத்தான் வேலை அதிகம்.

நம் உடம்பு என்றதும் பி பிளாக் பெரியவரின் கேள்வி. இ. கோலைக்கு மரபணுக்கள் ஏறக்குறைய 4,000. நமக்குப் புரதம் செய்பவை 20,000 அளவில். ஒரு சில விதிவிலக்குகளைத் தவிர்த்து, நம் ஒவ்வொரு செல்லிலும் முழுத் தொகுப்பும் உண்டு. தலைமை அலுவலகம் அனுப்பிய தடித்த விதிமுறைப் புத்தகம் எல்லாக் கிளைகளிலும் இருக்கும், ஆனால் நகைக்கடன் பிரிவு அதற்குரிய பக்கங்களை மட்டும் புரட்டும் என்பது போல. கண் செல் கண்ணுக்குரியதையும் ஈரல் செல் ஈரலுக்குரியதையும் மட்டும் திறக்கும். எதைத் திறப்பது, எதை மூடுவது என்பது ஒருமுறை எழுதி முடிந்த விஷயமும் இல்லை. லடாக் சுற்றுலா போனவர்களுக்கு முதல் இரண்டு நாள் மூச்சு வாங்கியிருக்கும். பிராணவாயு குறைந்ததும் சிறுநீரகத்தில் ஒரு மரபணு முடுக்கப்பட்டு, சிவப்பணுக்களைப் பெருக்கச் சொல்லும் ஹார்மோன் சுரக்கிறது. இந்த ஸ்விட்சைக் கண்டுபிடித்த மூவருக்கு 2019-இல் நோபல் கிடைத்தது.

பால் விஷயத்தில், உலகில் பெரும்பாலானவர்களுக்குத் தாய்ப்பால் பருவம் தாண்டிய பிறகு லாக்டோஸைச் செரிக்கும் மரபணு மெல்ல மெல்ல அடங்கிவிடுகிறது. மரபணு கெடவில்லை. அதன் வாசல் மூடுகிறது. மாடு வளர்த்துப் பால் குடித்த சில சமூகங்களில் மட்டும் வாசலைத் திறந்தே வைக்கும் சிறு மாற்றம் பரவியிருக்கிறது. ஐரோப்பியர்களிடம் காணப்படும் மாற்றத்தை 2002-இல் பின்லாந்து விஞ்ஞானிகள் அடையாளம் கண்டார்கள். ஒரே ஓர் எழுத்து மாற்றம், அதுவும் என்சைமின் மரபணுவுக்குள் இல்லை, தள்ளி இருக்கும் ஸ்விட்ச் பகுதியில். வட இந்தியர்களில் இது அதிகம், தென்னிந்தியர்களில் குறைவு. ஆகவே டாக்டர் சொன்னது முழுக்க முதுமை இல்லை. பெரும்பாலும் சிறு வயதிலேயே தொடங்கிய அடக்கம், பெரியவருக்கு இப்போது தெரிகிறது. (வயிற்று உபாதைக்கு வேறு காரணங்களும் இருக்கலாம், டாக்டரைப் பார்க்காமல் என் கட்டுரையை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.)

முதுமை தனிக் கதை. 1993-இல் சிந்தியா கென்யன் என்ற பெண் விஞ்ஞானி, சில வாரமே வாழும் ஒரு சிறு புழுவில் ஒரே ஒரு மரபணுவின் மாற்றம் ஆயுளை இரட்டிப்பாக்குவதைக் காட்டினார். அது பிற மரபணுக்களைத் திறந்து மூடும் சங்கிலியின் ஒரு கண்ணி. 2005-இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் ஒத்த இரட்டையர்களைப் பரிசோதித்தார்கள். பிறக்கும்போது ஒரே மரபணுத் தொகுப்பு. சிறு வயது இரட்டையர்களிடம் டி.என்.ஏ.மேல் ஒட்டும் திற, மூடு குறிகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. வயதான இரட்டையர்களிடம் அவை வெகுவாக மாறியிருந்தன. புத்தகம் அதேதான். ஐம்பது அறுபது வருடத்தில் பென்சில் குறிகள் மாறிவிடுகின்றன. எந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்பதில் செல்களுக்குத் தடுமாற்றம் வருகிறது. முதுமையில் இதன் பங்கு எவ்வளவு, இந்தக் குறிகளைத் திருத்த முடியுமா என்பதுதான் இன்று பல கூடங்களில் நடக்கும் ஆராய்ச்சி.

மோனோ இதையெல்லாம் பார்க்கவில்லை. 1968 மே மாத மாணவர் கிளர்ச்சியில், நோபல் பரிசு பெற்ற பேராசிரியர் கண்ணீர்ப்புகைக்கு நடுவே தெருவில் இறங்கிக் காயம்பட்ட பிள்ளைகளுக்கு ஆம்புலன்ஸ் வரவழைக்க அலைந்தார். 1970-இல் தற்செயலும் தேவையும் என்ற பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய தத்துவ நூல், கடினமானதாக இருந்தும், பிரான்ஸில் நாவல்போல் விற்றது. 1971-இல் பாஸ்டர் நிலையத்தின் இயக்குநர் ஆனார். எனக்கு மிகவும் ஆர்வமான பகுதி இது. நிலையம் அப்போது பெரும் நஷ்டத்தில் இருந்தது. பெயர் உலகப் புகழ், கஜானா காலி. மோனோ ஆராய்ச்சி அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு வரவு செலவுப் புத்தகத்தோடு உட்கார்ந்தார். தடுப்பூசி, மருந்து உற்பத்தியை ஆராய்ச்சியிலிருந்து பிரித்துத் தனி நிறுவனமாக்கினார். சிக்கனம் பிடித்தார். ஊழியர்களிடம் கெட்ட பெயர் வாங்கினார். நிலையம் நிமிர்ந்தது. விஞ்ஞானி ஒருவர் தன் கடைசி ஐந்து வருடத்தை இப்படிக் கணக்கில் செலவழித்தது வீணா என்று கேட்பவர்கள் உண்டு. பற்றுவரவு ஒத்துப்போகாத இடத்தில் குடுவை வாங்கவும் காசு இருக்காது என்பது வங்கியில் இருந்தவனுக்குத் தெரியும்.

1972-இல் ஒடெத் இறந்தார். சில வருடங்களில் மோனோவுக்கு ரத்தம் உற்பத்தியாகும் இடத்திலேயே நோய் வந்தது. சிறுவனாக வளர்ந்த கேன்ஸுக்குத் திரும்பிப் போனார். 1976 மே 31 அன்று அங்கேயே காலமானார். வயது 66.

கேள்வி கேட்ட பெரியவரிடம் இந்தக் கதையைப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு மாலைகளில் சொன்னேன். ஒட்டகச்சிவிங்கி எலும்பு அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பாலை நிறுத்திவிட்டுத் தயிருக்கு மாறியிருக்கிறார். தயிரில் இருக்கும் பாக்டீரியாக்கள் பால் சர்க்கரையில் ஒரு பகுதியைத் தாங்களே செரித்துவிடுகின்றன. அவற்றுக்கு அந்த வாசல் திறந்திருக்கிறது.